வண்ணமீன் கடையிலிருந்து ஒரு பதில்

"பதில் எப்பங்க அக்கா வரும்?" என்று கேட்டாள் மௌனிகா.

அவள் அக்கா என்று கூப்பிடும் குரு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினேழே கால்," என்றார்.

மௌனிகா அதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பகல் முழுக்க யோசித்தாள். பதினேழே கால் என்றால் என்ன? நாளா? மணியா? தனக்குப் பதினேழு வயது முடிந்து மூன்று மாதம் ஆகிறது, அதைச் சொல்கிறாரா? இந்த வயதில் என்ன அவசரம் என்கிறாரா? சாயங்காலத்துக்குள் அது பெரிய தத்துவமாகவே வளர்ந்துவிட்டது. நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஓடி வந்தாள்.

"பதினேழே கால்னு சொன்னீங்களே, அது என்னங்க அக்கா?"

"தண்ணி," என்றார் குரு. "நேத்து பதினேழே கால் அடி. இன்னிக்கு பதினேழு."

அந்த ஊருக்கு ஓர் அணை உண்டு. அணைக்குள் கரையோரமாக ஓர் அளவுக் கம்பம் நிற்கிறது. தினமும் காலையில் அதைப் படித்து ஆபீசுக்குப் போனில் சொல்வதுதான் குருவின் வேலை.

அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. காவி கிடையாது. பச்சை ஸ்வெட்டர் ஒன்று, அதில் ஒரு பொத்தான் மட்டும் வெள்ளை. எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

தண்ணீர் என்ன சொல்கிறதோ அதைத்தான் சொல்வார். கால் அடி கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். மனிதர்கள் பேசுவதையும் அப்படியே கேட்பார். அதனாலேயே சிலர் காலை நேரத்தில் அவர் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். ஒரு நர்ஸ், லீவு நாளில் ஒரு பஸ் கண்டக்டர், அப்புறம் மௌனிகா.

மௌனிகா என்று பெயர் வைத்தபோது பெற்றோர் எதையோ நம்பியிருக்க வேண்டும். அந்தப் பெண் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை.

முதல் நாள் வந்தவள் கிளம்பும்போது, "வரேனுங்க அக்கா," என்றாள்.

"எப்போ?" என்று கேட்டார் குரு.

மௌனிகா திகைத்தாள். வரேன் என்றால் போகிறேன் என்று அர்த்தம். இது இந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். அதற்கு யாராவது எப்போ என்று கேட்பார்களா?

"நாளைக்குங்க," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

சொல்லிவிட்டதால் வரவேண்டியதாயிற்று. அப்படித்தான் சீடரானாள். தினமும் அதே கேள்வி, அதே பதில். குருவுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

அவளுக்கு வேண்டியது ஒரு வேலை. பரீட்சை முடிந்த லீவில், சாயங்காலம் மட்டும். அதுவும் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் இருக்கும் வண்ணமீன் கடையில்.

ஆறாம் வகுப்பிலிருந்து அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நின்றாள். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே நீல வெளிச்சம். மீன்கள் வரும், போகும், ஒன்றும் சொல்லாது. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றால் மட்டும் அவளுக்குப் பேசத் தோன்றாது. அது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பல நாள் பஸ்ஸை விட்டிருக்கிறாள்.

ஒரு வியாழக்கிழமை துணிந்து உள்ளே போய் விண்ணப்பத்தைக் கொடுத்தாள். அன்றிலிருந்து காத்திருக்கிறாள்.

வேலை கிடைக்காவிட்டால் திருப்பூர். பெரியம்மா வீடு. பெரியம்மா போகும் பனியன் கம்பெனியில் லீவு முழுக்கப் பிசிறு வெட்டவேண்டும். "அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். அப்பறம் பஸ் ஏத்தீருவேன்," என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. லீவில் பெண் சும்மா இருக்கக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

"கடைக்காரரு பார்த்துட்டுச் சொல்றேன்னிருக்காருங்க அக்கா. போனு கையிலயேதான் இருக்குது. குளிக்கப் போனாக்கூட கதவுக்கிட்ட வெச்சுட்டுத்தான் போறேன்."

"உக்காரு," என்றார் குரு.

உட்கார்ந்தாள்.

தண்ணீர்மேல் பனி படிந்திருந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. ஒரு நீர்க்காகம் முங்கியது. அது எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது.

பாய்ந்து எடுத்தாள். வாழ்த்துகள் என்று ஒரு பெண் குரல் ஆரம்பித்தது. மௌனிகா எழுந்தே நின்றுவிட்டாள். உங்களுக்குப் பிடித்த பாட்டை அழைப்பு இசையாக வைக்க ஒன்றை அழுத்தவும் என்றது குரல்.

நீர்க்காகம் எப்போதோ எழுந்து போய்விட்டிருந்தது.

"யாரு?" என்று கேட்டார் குரு.

"யாருமில்லீங்க."

"வாழ்த்துச் சொன்னாங்களே."

"அது பதிவு பண்ணி வெச்சதுங்க அக்கா."

"அப்படியா," என்றார் குரு. அவருக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருந்த மாதிரி தெரிந்தது.

காத்திருக்க ஆரம்பித்த ஆறாம் நாள் காலையில் மௌனிகா உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள்.

கனவில் அணை முழுக்க நீல வெளிச்சம். கடையில் இருந்த மீன்களெல்லாம் அங்கே வந்திருந்தன. ஆரஞ்சு மீன், கறுப்பு மீன், விசிறி வால் மீன். அளவுக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. அவளும் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தாள். மூச்சு முட்டவில்லை. பாவாடை மட்டும் மெல்ல மெல்ல மேலே எழுந்து மிதந்தது.

அடியில், மணலில், ஒரு போன் அடித்துக்கொண்டிருந்தது.

குனிந்து எடுத்தாள். ஹலோ என்றாள். பதில் இல்லை. குமிழி விடும் சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் யாரோ இருந்தார்கள். அந்தப் பக்கம் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் பேசுவாள் என்று பேசாமல் இருந்தார். அவளும் அவர் பேசட்டும் என்று பேசாமல் இருந்தாள். மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின.

அப்படியே எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. சுகமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

கண்ணைத் திறந்தபோது குரு கம்பத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"பதினாறரை."

"அக்கா, கனவுல போன் வந்துச்சுங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க. அவங்களும் காத்துட்டிருந்தாங்க."

குரு முதல்முறையாகக் கம்பத்தை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தாள். கேட்கவில்லை.

"வரேனுங்க அக்கா."

"எப்போ?"

"நாளைக்குத்தானுங்க!" என்று கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னாள்.

சனிக்கிழமை வந்தது. அன்று மௌனிகா பேசவில்லை. வந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீரைப் பார்த்தாள். கண்டக்டருக்கே பயமாகிவிட்டது. உடம்பு சரியில்லையா என்று குருவிடம் சாடையில் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

வெகுநேரம் கழித்து அவள் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு மத்தியானம் பஸ்ஸுங்க. பெரியம்மா கம்பெனியில சொல்லி வெச்சுட்டாங்க."

அதற்குமேல் முடியவில்லை. அழுதாள். சின்னக் குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள்.

"வேண்டாம்னாக்கூட பரவால்லீங்க அக்கா. நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமில்லீங்க. ஒரு மனுசி காத்துட்டிருக்கறான்னு தோணாதுங்களா?"

குரு அவள் அழுது முடிக்கும்வரை இருந்தார்.

"அவரு என்ன சொன்னாரு?"

"அதான் சொன்னனேங்க. பார்த்துட்டுச் சொல்றேன்னாரு."

குரு அளவுக் கம்பத்தைக் காட்டினார்.

"அடி, அங்குலத்தோட சொல்லு."

மௌனிகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். கடை வந்தது. நீல வெளிச்சம் வந்தது.

"உள்ள போனனுங்க. காயிதத்தக் குடுத்தேன். மரியாதையா இருக்கட்டும்னு மை பேனாவுல எழுதுனது. ஈரக் கையோட வாங்குனாரு. 'மீன் செத்தா அழுவியா'ன்னு கேட்டாரு."

"நீ?"

"'அழுவேனுங்க'ன்னேன். சிரிச்சாரு. 'நாளையில இருந்தே ஆளு வேணும் கண்ணு. நாலு மணிக்கு வந்தா ஏழு மணிக்குப் போயறலாம்'னாரு. அதுக்குள்ள அவருக்குப் போன் வந்துருச்சுங்க. போனக் காதுல வெச்சுட்டே என்னையப் பார்த்து..."

"பார்த்து?"

"'போயிட்டு வா கண்ணு'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"'வரேனுங்க'ன்னேன்."

"அப்பறம்?"

"அப்பறம் வெளிய வந்துட்டேனுங்க."

ஒரு சின்ன அலை வந்து கம்பத்தில் மோதிவிட்டுத் திரும்பியது.

"பார்த்துட்டுச் சொல்றேன்னு எப்போ சொன்னாரு?" என்று கேட்டார் குரு.

மௌனிகா மறுபடியும் கடைக்குள் போனாள். தேடினாள். வாசலில் தேடினாள், கல்லாவுக்குப் பின்னால் தேடினாள், ஒவ்வொரு தொட்டியாகத் தேடினாள். அப்பாவிடம் சொன்னது ஞாபகம் இருந்தது. நர்ஸிடம், கண்டக்டரிடம் சொன்னது ஞாபகம் இருந்தது. குருவிடம் தினமும் சொன்னது ஞாபகம் இருந்தது.

கடைக்காரர் வாயில் மட்டும் அந்த வார்த்தை இல்லை.

கண்ணைத் திறந்தாள்.

குருவைப் பார்த்தாள். குரு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மௌனிகா எழுந்து ஓடினாள். வரேன் என்று சொல்லவில்லை. ஒரு செருப்பு கரையிலேயே கிடந்தது.

"பதினஞ்சே முக்கால்," என்றார் குரு, போனில், ஆபீசுக்கு.

கடை இன்னும் திறக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு ஷட்டர் முன்னால் நின்றாள். பஸ்கள் வந்து போயின. எதிர் ஸ்டாப்பில் நின்று இத்தனை வருஷம் இந்தக் கடையைப் பார்த்தவள், இப்போது கடையில் நின்று ஸ்டாப்பைப் பார்த்தாள். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

ஒன்பதரைக்கு ரங்கராஜு வந்தார். கடைக்காரர். வண்டியை நிறுத்திவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் கண்ணு, எங்க போயிட்ட?"

மௌனிகா செருப்பில்லாத காலை மற்ற காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"வரேன்னு சொல்லீட்டுத்தான போன? எட்டு நாளா நாலு மணியானா வாசலையே பாக்கறேன். ஒடம்பு கிடம்பு செரியில்லியோன்னு நெனச்சேன்."

ஷட்டரை மேலே தள்ளினார். விளக்கைப் போட்டார். நீலம் பரவியது.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு புது ஸ்டூல் இருந்தது. அதன்மேல் சின்னக் கைப்பிடி போட்ட வலை ஒன்று. அவள் கைக்குத் தகுந்த அளவு.

"போன் பண்ணலாம்னுதான் பார்த்தேன். இந்தா, உன்ற காயிதம்."

ஒரு தொட்டியின் கண்ணாடியில் அவளுடைய விண்ணப்பம் ஒட்டிக் காய்ந்திருந்தது. மௌனிகா என்ற பெயர் தெரிந்தது. கீழே போன் நம்பர் இருந்த இடத்தில் நீலமாக ஒரு மேகம் மட்டும் இருந்தது.

"வேற ஆளு யாரும் கேக்கலீங்களா?" என்றாள் மெதுவாக.

"ரெண்டு பேரு வந்தாங்க. ஒரு புள்ள வரேன்னு சொல்லீருக்குதுன்னு திருப்பி அனுப்பீட்டேன்."

அவள் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

ரங்கராஜு பதறிப்போய் ஒவ்வொரு தொட்டியாக எட்டிப் பார்த்தார்.

"எதும் சாகலையே கண்ணு. எல்லாம் நல்லாத்தான இருக்குது."

அப்பாவிடம் அவரே போனில் பேசினார். அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். பெரியம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார்.

அன்று நாலு மணிக்கு மௌனிகா அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். மீன்கள் வந்தன, போயின, ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. தீனி போட்டாள். தொட்டிகளில் குமிழிகள் மேலே எழுந்து உடைந்துகொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை எங்கோ கேட்டிருக்கிறோம் என்று நினைத்தாள். எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒரு சின்னப் பெண் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

ஏழு மணி ஆயிற்று. வலையைக் கழுவி மாட்டினாள்.

ரங்கராஜு குனிந்து ஒரு தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"வரேனுங்க," என்றாள் மௌனிகா.

அவர் சடாரென்று நிமிர்ந்தார். கையிலிருந்த குழாய் தரையெல்லாம் ஊற்றியது.

"எப்போ?"

"நாளைக்குங்க," என்றாள். "நாலு மணிக்கு."