பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு நாடு

“என் படத்துல என்ன குறை, டீச்சர்?”

சங்கிலி கேட்ட வேகத்தில் மேசைமேல் இருந்த தண்ணீர்க் கிண்ணம் தளும்பியது.

தூத்துக்குடியில் மனை வாங்கி விற்கும் தரகர் அவர். பேரம் படியாவிட்டால் மேசையைத் தட்டுகிற ஆள். ஐம்பது வயதில் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் சேர்ந்ததற்கு ஒரே காரணம்தான். சுதந்திர தினத்துக்கு நூலகச் சுவரில் ‘எங்கள் நாடு’ என்று ஒரு படம் தீட்டப் போகிறார்கள். வகுப்பில் எது சிறந்ததோ அது சுவருக்குப் போகும், வரைந்தவர் பெயரோடு.

அந்தப் பெயர் தன் பெயராக இருந்தாக வேண்டும்.

பக்கத்துப் பலகைக்காரர் தனிஸ்லாஸ், பரம்பரையாக இந்த ஊர். எத்தனை வருஷம் ஆனாலும் சங்கிலி அவருக்குப் பிழைக்க வந்தவன்தான். பிழைக்க வந்தவன் பேரையெல்லாம் ஊர்ச் சுவரில் எழுதினால் சுண்ணாம்பு உதிர்ந்துவிடும் என்று அன்றைக்கும் சொல்லிச் சிரித்தார்.

டீச்சர் பெனிட்டாவுக்குச் சங்கிலியின் மகள் வயது. படத்தைக் கையில் எடுத்தாள்.

இரண்டு மலை. நடுவே சூரியன். ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை.

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வரைந்திருந்ததும் அதையேதான்.

“அருமையான இடம், அண்ணாச்சி. விலைக்கு வருமா?”

விலை என்று காதில் விழுந்தால் போதும், சங்கிலிக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஆற்றோரம், கிழக்குப் பார்த்த வாசல், வில்லங்கம் இல்லாத பட்டா என்று அளக்க ஆரம்பித்துவிட்டார்.

பெனிட்டா செருப்பை மாட்டினாள்.

“வாங்க, ஒரு எட்டு பார்த்துட்டு வந்துரலாம்.”

விறுவிறுவென்று தெருமுனைக்கே போய்விட்டாள். இவர் பின்னால் ஓடினார்.

“எந்தப் பக்கம்?” என்று நின்று கேட்டாள்.

இடப்பக்கம் உப்பளம். வலப்பக்கம் கடல்.

சங்கிலிக்குச் சுள்ளென்று ஏறியது. படத்துக்கெல்லாம் எவனாவது இடம் காட்டுவானா, இத்தனை வருஷத் தொழிலில் தன்னை இப்படி நடுத்தெருவில் நிறுத்தினவர் உண்டா என்று பொரிந்து தள்ளினார்.

அவள் அவர் மூச்சு வாங்கும்வரை பொறுத்தாள்.

“நீங்க எங்க நின்னு பார்த்தீங்களோ, அங்கருந்து வரைங்க.”

“நான் எங்க நின்னேன்? பத்து வயசுல வந்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சுக்கடியில கிடந்தேன்.”

“அப்ப கிடந்துக்கிட்டே வரைங்க.”

சங்கிலி சட்டென்று வகுப்புப் பக்கம் திரும்பினார்.

அப்புறம் அவர் ஓடிய ஓட்டத்தில் ஒரு சைக்கிள்காரர் ஒதுங்கி வழிவிட்டார். வகுப்பில் இருந்ததிலேயே பெரிய தாளைத் தரையில் விரித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக் குப்புறப் படுத்தார். கரித்துண்டு உடைந்தது. இன்னொன்று. அதுவும் உடைந்தது.

பெஞ்சுக் கால். பஸ் சக்கரம். பிறகு மனிதக் கால்கள். வெடித்த குதிகால், மெட்டி விரல், போலீஸ் பூட்ஸ், கன்னியாஸ்திரீயின் அங்கி ஓரம், புர்க்காவின் விளிம்பு, தலைகீழாகத் தொங்கும் ஒரு கோழி. முகம் ஒன்றுகூட இல்லை. தாள் முழங்காலோடு முடிந்துபோனது.

“இன்னொரு தாள் கொடுங்க. கால் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு.”

பெனிட்டா வந்தாள். படத்தைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தாள். அதன் முன்னால் தரையில் படுத்தாள்.

ஒவ்வொருவராகப் படுத்தார்கள்.

“நாட்டைக் கேட்டா செருப்புக்கடை போட்டிருக்கீரே வே” என்று முனகிக்கொண்டே தனிஸ்லாஸும் முட்டியைப் பிடித்தபடி கடைசியாகச் சாய்ந்தார்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. விரல் ஒரு காலைத் தொட்டது. சுண்டு விரல் இல்லாத கால். பக்கத்தில் தரையில் ஒரு டீ கிளாஸ்.

“இது யாரு வே?”

“பேரு தெரியாது. தினம் விடியக்காலம் ஒரு டீயைக் கீழ வச்சிட்டுப் போவாரு. முகத்தை நான் பார்த்ததில்லை.”

தனிஸ்லாஸ் எழுந்திருக்கவில்லை.

“எங்க அப்பா பஸ் ஸ்டாண்டுலதான் டீக்கடை வச்சிருந்தாரு” என்றார். “அவருக்குச் சுண்டு விரல் கிடையாது.”

படுத்தபடியே பெனிட்டா பக்கம் தலையைத் திருப்பினார் தனிஸ்லாஸ்.

“டீச்சர், சுவத்துல இதை உயரத்துல ஏத்திராதீங்க. தரையை ஒட்டிப் போடுங்க.”