சாம்பல் ஆடு, கறுப்புக் குட்டி

இங்கிலாந்தின் வடக்கே, மழை விட்டாலும் காற்று விடாத ஒரு மலையடிவாரத்தில் சௌந்தரநாயகி அம்மா ஆடு வளர்த்துக்கொண்டு தனியே இருந்தார். அவரைக் குருவென்று நம்பி வந்தவர் ஒரே ஒருவர்தான்: மான்செஸ்டரில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற திருச்செல்வம். சீடர் குருவைவிட வயதில் மூத்தவர். சீடர் ‘அம்மா’ என்பார், குரு ‘அண்ணை’ என்பார். அதில் இருவருக்கும் சங்கடமில்லை, கதை சொல்லும் எனக்குத்தான் சிரிப்பு.

மனைவி இறந்த பிறகு வீட்டில் இருக்க முடியாமல் வந்தவர் அவர். ஏதாவது உபதேசம் கிடைக்கும் என்று பார்த்தார். கிடைத்ததோ ஆடு மறிக்கும் வேலை.

அம்மாவின் பழைய மந்தை நோயில் முழுவதுமாகப் போய்விட்டது. அதே இனமான ஹெர்ட்விக் செம்மறியாடுகளை வேறொரு பள்ளத்தாக்கிலிருந்து வாங்கியிருந்தார். அந்த மலையில் வேலி கிடையாது. தாயோடு மேய்ந்த இடமே குட்டிக்குத் தன் இடமாகிவிடும். அது வளர்ந்து தன் குட்டிக்குக் காட்டும். அங்கத்தைய மேய்ப்பர்கள் இதை ‘ஹெஃப்ட்’ என்பார்கள். வாங்கி வந்த ஆட்டுக்கு அது ஏது? மேய்ச்சல் எல்லையான ஓடையைத் தாண்டிப் போகத்தான் பார்க்கும். ஆள் நின்று மறித்துத் திருப்ப வேண்டும்.

திருச்செல்வம் நின்றார். பகல் முழுக்கப் பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் கிடையாது. சில நாள் தன் குரலைக் கேட்பதற்காகவே ஆடுகளைத் திட்டினார்.

ஒருநாள் விடைபெற வந்தார்.

“வெள்ளிக்கிழமை பிறந்த ஊருக்கே போறன் அம்மா. இனித் திரும்பி வரமாட்டன்.”

“மகள்?”

“அழுகிறாள். பிள்ளை பிறக்கப்போற நேரம், போகாதேங்கோ அப்பா எண்டு.”

“பிறகேன் போறியள்?”

“நான் நிண்டு அவளுக்கு என்ன பிரயோசனம்? இவ்வளவு காலமும் இந்த நாட்டில வாடகைக்கு இருந்தவன் மாதிரித்தான் இருந்தனான். இது என்ரை இடம் எண்டு ஒருநாளும் தோன்றேல்லை. என்னட்டையே இல்லாததை அவளுக்கு எப்பிடிக் குடுக்கிறது?”

அம்மா தொப்பியை மாட்டிக்கொண்டு நாயைக் கூப்பிட்டார். இருவரும் மேலே ஏறினார்கள்.

ஓடையோரம் ஒரு சாம்பல் நிற ஆடு, தான் வந்த பள்ளத்தாக்குப் பக்கம் பார்த்தபடி நின்றது. கொஞ்சம் மேயும். பிறகு நிமிர்ந்து மறுபடியும் அங்கேயே பார்க்கும்.

“இது எப்ப மறக்கும் அம்மா?”

“மறக்காது.”

ஆட்டின் அந்தப் பார்வை திருச்செல்வத்துக்குப் புதிதல்ல.

இந்த இனத்தில் குட்டிகள் கறுப்பாகப் பிறந்து, வயது ஏற ஏறத்தான் நரைக்கும். அந்த ஆடு இங்கே வந்து ஈன்ற கறுப்புக் குட்டி, சற்று மேலே, தாயோடு வழக்கமாக மேயும் சரிவில் மேய்ந்துகொண்டிருந்தது. அம்மா சீழ்க்கை அடித்தார். நாய் குட்டியை விரட்டி, ஓடைக்கு அப்பால் விட்டுவிட்டுத் திரும்பியது.

மறிக்கிற பழக்கத்தில் திருச்செல்வம் ஓடப் போனார்.

“அண்ணை, நில்லுங்கோ.”

குட்டி அந்தப் பக்கத்துப் புல்லை மோந்து பார்த்தது. வாய் வைக்கவில்லை. தானாகவே ஓடையைத் தாண்டி வந்தது. தாயிடமும் போகவில்லை, முன்பு மேய்ந்த அதே சரிவுக்கு ஏறித் தலையைக் குனிந்தது.

“ஆர் சொல்லிக் குடுத்தது?” என்று அம்மா கேட்டார்.

“தாய்தான்.” சொன்ன பிறகு அவருக்கே இடித்தது. “தாய்க்கே தெரியாதே அம்மா! அது இப்பவும் அங்கைதானே பார்த்துக்கொண்டு நிக்குது.”

“ஓம்,” என்றார் அம்மா. “தாய் எங்கை பார்த்தது எண்டு குட்டி பார்க்கேல்லை, அண்ணை. எங்கை நிண்டது எண்டுதான் பார்த்தது.”