நாற்பத்திரண்டு கற்பனைகள்

மட்டியூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நாற்பத்திரண்டு, வாத்தியார்கள் மூன்று, சந்தேகம் ஒன்றுகூடக் கிடையாது. அப்படி நிம்மதியாக இருந்த இடத்துக்குப் புதிய இங்கிலீஷ் புத்தகம் வந்து சேர்ந்தது.

முதல் பாடத்தில், கண்ணாடிச் சில்லு பதித்த சுவர்மேல் ஒரு காகம். கீழே வெறும் கட்டம். "காகம் என்ன சொல்லும்? ஒவ்வொரு பிள்ளையும் சொந்தக் கற்பனையில் வெவ்வேறு பதில் எழுதட்டும். இங்கிலீஷ் ஆசிரியர் பதில் சொல்லித் தரக் கூடாது" என்று போட்டிருந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை. வெள்ளிக்கிழமை அதிகாரி வருவார். பிள்ளைகளிடம் கற்பனை இல்லையென்றால் பள்ளியை மூடி, ஒன்பது மைல் தள்ளியிருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்.

தலைமையாசிரியர் வைகுண்டநாதன் சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தார். உடனே கூட்டம் போட்டார்.

"நான் சொல்லித் தரப்படாதுன்னு அச்சடிச்சே போட்டுட்டான்" என்றார் இங்கிலீஷ் வாத்தியார் தேவசகாயம்.

"உம்மளத்தான சொல்லியிருக்கான்? டிரில் வாத்தியாரச் சொல்லலியே" என்றார் தலைமையாசிரியர்.

ஆக, பிள்ளைகளின் சொந்தக் கற்பனையைத் தயாரிக்கும் பொறுப்பு டிரில் வாத்தியார் கொம்பையாவின் தலையில் விழுந்தது. பசிக்கிறது, தாகமாக இருக்கிறது என்று எட்டுக் கற்பனை எழுதியதும் மனிதருக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது. காகத்தையே கேட்டுவிடலாம் என்று சுவரில் சோறு வைத்தார்கள். காகம் வந்தது, தின்றது, பேசாமல் பறந்தது. "காகம் ஒன்றும் சொல்லாது" என்பதை ஒன்பதாவது கற்பனையாக எழுதிக்கொண்டார்கள். மீதியை எப்படியோ ஒப்பேற்றி, வருகைப் பதிவேட்டு வரிசைப்படி பிள்ளைகளுக்குப் பங்கு வைத்து மனப்பாடம் செய்ய விட்டார்கள்.

பேச்சியம்மாள் என்ற சிறுமி மட்டும் எழுந்து, தனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது என்றாள்.

"தோணுறதெல்லாம் வீட்டுல வச்சுக்க. ஒன் கற்பனை இருபத்திமூணாம் நம்பர்" என்றார் கொம்பையா.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். பதில்களைக் கேட்டுக் கேட்டுக் கொட்டாவி விட்டார். பேச்சியம்மாளின் முறை வந்தபோது இருபத்திமூன்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. தோன்றியதைச் சொன்னாள்: "சுவர் பூராவும் கண்ணாடிச் சில்லு பதிச்சிட்டு, அதுமேல என்னைய உக்கார வச்சுப் படம் வரைஞ்சது யாரு?"

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். பள்ளி தப்பியது. போகும்போது, "எல்லாப் பிள்ளைகளையும் இந்தப் பேச்சியம்மாள் மாதிரி ஆக்குங்கள். அடுத்த மாதம் வந்து பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மட்டியூரார் சொன்ன சொல் தட்டாதவர்கள். பையன்களுக்கும் இரட்டைச் சடை போடுவதா என்று அரைநாள் விவாதித்து, முடி போதாது என்று கைவிட்டார்கள். பேச்சியம்மாளின் பதிலை மட்டும் பலகையில் எழுதி, எல்லாரையும் நூறு தடவை எழுத வைத்தார்கள். பிறகு பரீட்சை. அதே காகம், அதே கட்டம்.

தாள்களைத் திருத்திய கொம்பையா, முகம் வாடித் தலைமையாசிரியரிடம் ஓடினார். பேச்சியம்மாளின் கட்டத்தில், "நேத்துச் சொன்னதையே இன்னிக்கும் சொல்ல நான் என்ன கிளியா?" என்று இருந்தது.

"நாப்பத்தோரு பிள்ளையும் பேச்சியம்மா மாதிரி ஆயிட்டு சார். பேச்சியம்மாதான் இன்னும் தேறல."

தலைமையாசிரியர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பக்கத்துப் பிள்ளையப் பாத்து எழுதச் சொல்லும்."