மூன்றாவது டென்ஷனர்

"சத்தம் போகவே மாட்டேங்குதுங்க மேஸ்திரி. மூணாவது டென்ஷனரும் மாட்டிப் பாத்துட்டேன்" என்றார் குப்புராஜ்.

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபது வருஷம் தட்டச்சுப் பள்ளி நடத்திவிட்டு, மேட்டுப்பாளையம் ஒர்க்‌ஷாப்பில் தொழில் கற்க வந்தவர். குரு பூங்கோதைக்கு முப்பத்துநாலு.

இந்தக் காரின் கோளாறைச் சரியாகச் சொன்னால் எஞ்சின் வேலை, இல்லாவிட்டால் பழையபடி வண்டி கழுவும் வேலை என்று காலையில்தான் அவள் சொல்லியிருந்தாள். 

"என்ன சத்தம்ணா?"

"கரகரன்னு. டைமிங் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கற உருளைதானுங்க. மலையேறறப்ப பெல்ட் நழுவுனா எஞ்சினே போச்சு."

காரின் சொந்தக்காரர் கிருபாவதி டீச்சர். அப்பாவோடு கோத்தகிரி போகக் காத்திருந்தார். எதற்கும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் என்றுதான் வண்டியை விட்டிருந்தார். சத்தம் என்று அவர் வாயே திறக்கவில்லை.

"கேட்டுச் சொல்லுங்க, பாக்கலாம்."

குப்புராஜ் நீள ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்தார். பிடியைக் காதில் அழுத்தினார். பூஜையறையில் நிற்பவரைப் போலக் கண்களை மூடிக்கொண்டார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க மேஸ்திரி."

கார்க் கதவு திறந்து மூடியது.

"கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுங்க. பேரிங் அழுவுது, பாவம்."

"டென்ஷனர்தானா?"

"கண்ணை மூடிட்டுச் சொல்லுவனுங்க."

"தொறந்துட்டுச் சொல்லுங்க."

திறந்தார். பூங்கோதை எதிரே நின்றிருந்தாள். கார்ச் சாவி அவள் விரலில் தொங்கியது.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மாவு மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

குப்புராஜ் தும்மினார்.

பூங்கோதை மில்காரரிடம் இரண்டு நிமிஷம் மில்லை நிறுத்தச் சொன்னாள். பிறகு காரை ஸ்டார்ட் செய்தாள். அவர் மறுபடி காது கொடுத்தார். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. அவமானத்தில் அவருக்கு முகம் சிவந்தது.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "என்னங்க, எதுல ரிப்பேருன்னு தெரிஞ்சுதா?"

குப்புராஜ் குருவைப் பார்த்தார். குரு அடுத்த காரின் பானெட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுக்கொண்டாள்.

அவர் கொஞ்ச நேரம் கையைத் துடைத்தார்.

"வண்டில ஒண்ணுமில்லீங்க டீச்சர். தைரியமாக் கெளம்புங்க. ரிப்பேர் எனக்குத்தானுங்க."

பானெட்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"அண்ணா, இந்த எஞ்சினை வந்து பாருங்க."