எட்டாவது வரி

வெகு காலத்துக்கு முன்னால் நெல்லிவள நாட்டைக் கோதண்டவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை தோன்றினால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும்.

அவனுடைய அரண்மனை வாசலில் ஒரு கல் நின்றது. ராஜா செய்யக் கூடாதவை என்று அதில் ஏழு வரிகள் வெட்டியிருந்தார்கள். பட்டம் சூடும் ஒவ்வொரு ராஜாவும் அதன்மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். குடிகளின் வேலியை அவர்கள் சம்மதம் இல்லாமல் ராஜா தாண்டக் கூடாது என்பது மூன்றாவது வரி.

ஒருநாள் ராஜாவுக்கு வீணைப் பைத்தியம் பிடித்தது. ஆற்றங்கரையில் ஒச்சம்மாள் என்பவளின் தோட்டத்துப் பலாமரத்தை வெட்டித்தான் வீணை செய்ய வேண்டும் என்றான். அவளுக்கும் அவளுடைய நான்கு பெண்களுக்கும் அந்த மரம்தான் பிழைப்பு. "முடியாது" என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

அமைச்சர் வெண்காடரின் பதவிமேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த பிரளயநாதர் சபையில் எழுந்தார்.

"பிரபு, தங்களுக்கு ஒரு முள்வேலி தடையா? கல்லில் எட்டாவது வரி ஒன்று வெட்டுவோம். நாட்டுக்குத் தேவை என்று அரியணையில் இருப்பவர் கருதினால், மேற்படி ஏழும் அவரைக் கட்டுப்படுத்தாது."

"தேவையா இல்லையா என்று யார் முடிவு செய்வது?" என்றார் வெண்காடர்.

"அரியணையில் இருப்பவரே!"

"வீணை நாட்டுக்குத் தேவையோ?"

"ராஜாவின் மனம் குளிர்ந்தால் நாடே குளிரும். உமக்கு ஏனய்யா வயிறு எரிகிறது?"

எட்டாவது வரி கல்லில் ஏறியது. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் மரத்தை வெட்டுவதென்று முடிவாயிற்று.

ஆடிப்பெருக்கன்று ராஜா ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று புதுவெள்ளத்துக்குப் பூத்தூவுவான். அவன் திரும்பும்வரை அரியணை காலியாக இருக்கக் கூடாதென்று அமைச்சர் செங்கோலோடு அதில் உட்கார்ந்திருப்பார். வருஷா வருஷம் வெண்காடர் அங்கே உட்கார்ந்து கொட்டாவி விடுவார், அவ்வளவுதான்.

இந்த வருஷம் கொட்டாவி வரவில்லை. ராஜா கரையேறக் காலெடுத்ததும் முரசு அதிர்ந்தது.

"அரியணையின் ஆணை! நாட்டின் தேவை கருதி, மறு உத்தரவு வரும்வரை ராஜா தண்ணீரிலேயே நிற்க வேண்டும்! பிரளயநாதரின் மீசையில் இடதுபாதியை மழிக்க வேண்டும்!"

படைத்தலைவன் ஓலையை இரண்டு முறை படித்தான். "மன்னிக்கணும் மகாராஜா, எட்டாவது வரி" என்று ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"என் மீசை நாட்டுக்கு என்ன கெடுதல் செய்தது?" என்று பிரளயநாதர் அலறினார்.

"காரணம் கேட்க அந்த வரியில் இடமில்லையாம். தலையை ஆட்டாதீங்க சாமி" என்றார் நாவிதர்.

உச்சிவெயில்வரை ராஜாவின் காலை மீன்கள் கடித்தன. அதற்குப் பிறகுதான் கரையேற உத்தரவு வந்தது. சொட்டச் சொட்டச் சபைக்குள் நுழைந்தான். வெண்காடர் இறங்கி வந்து செங்கோலை நீட்டினார்.

"எட்டாவது வரி எனக்கும் இருக்கிறது! உம்மை இப்போதே சிறையில் தள்ளுகிறேன்!"

"இல்லையே பிரபு. இறங்கும் முன் அந்த வரியையே செதுக்கி எடுக்கச் சொல்லிவிட்டேன். இனி ஏழுதான். ஊர்ச்சபை விசாரிக்காமல் யாரையும் சிறையில் போடக் கூடாது என்பது ஐந்தாவது வரி. சபை தரும் தண்டனையை ஏற்கிறேன்."

"உம்மை நல்லவர் என்று நம்பினேனே!"

"நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் உட்கார்ந்த அரை நாழிகையில் அடுத்தவன் மீசையை எடுக்கத் தோன்றிவிட்டது. பயந்துபோனேன் பிரபு."

ராஜா பிரளயநாதரைத் திரும்பிப் பார்த்தான். பாதி மீசையைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார் அவர். ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. தன் முத்துமாலையைக் கழற்றி வெண்காடர் கழுத்தில் போட்டான். மறுபாதி வளரும்வரை வாசற்கல்லைத் தினமும் கழுவும் வேலை பிரளயநாதருக்குக் கிடைத்தது.

ஈர வேட்டியோடு ராஜா நேரே ஒச்சம்மாள் தோட்டத்துக்கு நடந்தான். வேலிக்கு வெளியே நின்றான்.

"அம்மா, இந்த மரத்தை எனக்குத் தருவாயா?"

ஒச்சம்மாள் கைவேலையை நிறுத்தாமல் சொன்னாள்: "தர மாட்டேன் சாமி."

ராஜா மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான்.

"சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

கோதண்டவர்மன் பிற்காலத்தில் மூன்று போர்களில் வென்றானாம். எங்கே, யாரோடு என்று அந்த நாட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. அந்தச் "சரி"யை மட்டும் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.