ஐந்தாம் தேதி நெற்றி

"தாயே, கூடப் பழகினவளைப் பத்தி மேலாபீசுக்கு எழுதிப் போடலாமா?" என்று கேட்டாள் செண்பகவடிவு.

மடத்தம்மா தண்ணீர்த் தொட்டியின் வெடிப்பில் சிமென்ட் பூசிக்கொண்டிருந்தாள். வயதில் செண்பகவடிவைவிடப் பதினைந்து வருஷம் சின்னவள். இருந்தாலும் மடத்துக் குரு என்பதால் ஊரே அவளைத் தாயே என்றுதான் கூப்பிடும். அவள் யாரையும் மகளே என்று கூப்பிட்டதில்லை, அந்த மட்டும் புண்ணியம்.

"எழுதியாச்சா?"

"எழுதிட்டேன். பேரு போடல."

"மொட்டைக் கடுதாசி."

"ஆமா."

"யாரைப் பத்தி?"

"பேச்சித்தாய்."

பூசுகரண்டி ஒரு நொடி நின்றது. செண்பகவடிவும் பேச்சித்தாயும் ஒரே தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். ஒருத்தி வீட்டுக் குழம்பு இன்னொருத்தி வீட்டில் மணக்கும்.

செண்பகவடிவு வங்கிக்காகக் கைரேகை மெஷின் தூக்குகிறவள். மாதம் ஐந்தாம் தேதி சமுதாயக்கூடத்தில் உட்கார்ந்து, ரேகை வாங்கிக்கொண்டு சர்க்கார் உதவித்தொகையைக் கொடுப்பாள். பேச்சித்தாய்க்கு விதவைப் பணம். புருஷன் செத்து ஆறு வருஷம். போன வருஷம் செங்கல் சூளை வேலைக்கென்று அக்கரைப்பட்டிக்குக் குடிபோனவள், பணத்துக்காக மட்டும் பஸ் ஏறி வருவாள்.

"போன மாசம் வந்தா தாயே. நெத்தி வெறுசா, கழுத்து வெறுசா. கால்ல மட்டும் மெட்டி கிடக்கு. கழத்த மறந்துட்டா."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். மறைக்கல. சூளையில சுடலைமுத்துனு ஒருத்தர். கோயில்ல வச்சுக் கட்டிக்கிட்டாளாம். பஸ்ஸை விட்டு எறங்கினதும் தாலியைக் கழத்திப் பைக்குள்ள போட்டுக்கிடுதா. திரும்பிப் போறப்போ மாட்டிக்கிடுதா."

"ம்."

"மறுகல்யாணம் பண்ணா பணம் கிடையாது. தெரிஞ்சே கொடுத்தேன்னு வெளிய வந்தா மெஷினைப் பிடுங்கிருவாங்க, எனக்கு வேற பிழைப்பு இல்ல. எழுதிப் போட்டா அவ புருசனுக்கு மருந்து இல்ல. செங்கல் லோடு சரிஞ்சு அவருக்கு இடுப்பு போச்சு. நீங்களே சொல்லுங்க. போடவா, கிழிக்கவா?"

மடத்தம்மா காலிச் சாந்துச் சட்டியை அவள் முன்னால் நகர்த்தினாள்.

"தாலியைக் கழத்தி இதுல போடுங்கக்கா. பொட்டையும் அழிச்சிட்டு, பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்துட்டு வாங்க. அப்புறம் சொல்லுதேன்."

செண்பகவடிவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. குருவாவது ஒன்றாவது.

"மாட்டேன்."

"ஏன்?"

"எம் புருசன் குத்துக்கல்லாட்டம் வீட்ல இருக்காரு."

"அவ புருசனும்தான் இருக்காரு."

"பன்னண்டு லட்சம் கொடுத்தாலும் கழத்த மாட்டேன்."

"அவ மாசாமாசம் கழத்துதா."

"அவளை யாரு கழத்தச் சொன்னா?"

"யாரு முன்னால வந்து அப்படி நிக்கா?"

செண்பகவடிவு சட்டியைத் தள்ளிவிட்டாள். ரோஷம் வந்துவிட்டது.

"நான் வேலை பாக்கேன் தாயே. சட்டம் நான் போட்டதில்ல."

"கடுதாசியும் சட்டந்தான் போட்டுச்சா?"

மடத்தம்மா தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிமென்ட் இறுகிவிடும் என்ற கவலை அவளுக்கு.

செண்பகவடிவு எழுந்தாள். கும்பிடவில்லை. "இதுக்கு ஒரு மடம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போய், கடுதாசியை அடுப்பில் போட்டாள்.

ஐந்தாம் தேதி வந்தது.

வரிசையில் இருபது பேர் இருந்தார்கள். பேச்சித்தாய் முறை வந்ததும், வெறும் நெற்றியோடு கட்டைவிரலை நீட்டினாள். செண்பகவடிவு மெஷினை உள்ளங்கையால் மூடினாள்.

"தர மாட்டேன்."

"என்னடி?"

"உன்னைப் பத்தி மொட்டைக் கடுதாசி எழுதினேன். எரிச்சிட்டேன். பின்னால இருந்து குத்த மாட்டேன். ஆனா இந்தக் கோலத்துல நீ வந்து நின்னா எங்கையால ஒரு ரூவா வாங்க முடியாது. எந்த ஆபீசர் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்."

"உன் வீட்டுப் பணமா?"

"இல்ல. நீ என் சிநேகிதி."

வரிசை மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. பேச்சித்தாயின் முகம் கறுத்தது.

"நல்லாருடி" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனாள். அந்த வார்த்தையில் வாழ்த்து ஒரு பொட்டும் இல்லை.

இனி அவள் தன் வாசல் மிதிக்க மாட்டாள் என்று செண்பகவடிவுக்கு உறுதியாகத் தெரிந்தது. அடுத்து வந்தவரின் ரேகையை இரண்டு தடவை தப்பாக வாங்கினாள். மெஷின் கத்தியது.

வரிசை பாதி கரைந்தபோது வாசல் பக்கம் தலைகள் திரும்பின.

பேச்சித்தாய் திரும்பி வந்திருந்தாள். நெற்றியில் ஒரு ரூபாய் அளவுக்குக் குங்குமம். தாலிக் கயிற்றைச் சேலைக்கு மேலே எடுத்து விட்டிருந்தாள்.

"அடிப்பாவி" என்றது வரிசையில் ஒரு குரல்.

"ஆமா" என்றாள் பேச்சித்தாய், அந்தப் பக்கம் பார்த்தே. பிறகு மேஜைக்கு வந்தாள்.

"பேப்பர் எடு."

"எதுக்கு?"

"பணத்தை நிறுத்தச் சொல்லி நானே கேக்கேன்னு எழுது. புருசன் பேரு சுடலைமுத்து. உசுரோட இருக்காருனு எழுது."

"இதுவரைக்கும் வாங்கினதைத் திருப்பிக் கேப்பாங்கடி."

"கேக்கட்டும். ஓடியா போவேன்?"

"மருந்துக்கு?"

"அது என் பாடு."

எழுதி முடிக்கும் வரைக்கும் அவளுக்குப் பொறுமை இல்லை. பேனாவைப் பிடுங்கி அடியில் கையெழுத்தைக் கிறுக்கினாள்.

"மாசாமாசம் இங்க வந்து அந்த மனுசனைக் கொன்னு போட்டுட்டு, பஸ் ஏறிப் போயி அவருக்கே சோறு ஊட்டிக்கிட்டு இருந்தேன்டி. போதும்."