கோலில் இரண்டு வகை

முன்னொரு காலத்தில், சிற்றாறை நாட்டை அடலேறு என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கப்பல்காரர்கள் வந்து கால்பந்தைக் காட்டிவிட்டுப் போனார்கள் பாருங்கள், அன்றோடு ராஜாங்க காரியமெல்லாம் காற்றில் பறந்தது.

ஒருநாள் அரண்மனை அணிக்கும் தோட்டக்காரர் அணிக்கும் ஆட்டம். ஆளுக்கொரு கோல் போட்டுச் சமமாக நிற்கிறார்கள், ஆட்டம் முடியப்போகிறது. ராஜா நைசாக எதிரணிக் கோல்காவலனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். சேனாதிபதி மதங்கன் தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தார். வந்த பந்தை ராஜா வலைக்குள் தட்டிவிட்டார். ஊரே துள்ளிக் குதித்தது. நடுவர் சுடலையாண்டி மட்டும் கொடியைத் தூக்கி, “ஆஃப்சைடு. கோல் இல்லை” என்றார்.

மந்திரி பொன்னரங்கர் மேல் மதங்கனுக்கு வெகுநாள் பொறாமை. மறுநாள் சபையில் கொளுத்திப் போட்டார்.

“மகாராஜா, பந்து தங்கள் காலுக்கு வந்தபோது தோட்டக்காரர்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். அப்புறம் என்ன ஆஃப்சைடு? இதோ நிற்கிறானே சுடலையாண்டி, இவனை நடுவராக்கியதே மந்திரிதான்.”

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “மந்திரி, அந்த விதியை உச்சிப்பொழுதுக்குள் எனக்குப் புரியவையும். இல்லாவிட்டால் சுடலையாண்டி நாட்டைவிட்டே போகவேண்டும்.”

பொன்னரங்கர் கூழாங்கல் வைத்து, சதுரங்கக் காய் வைத்து மூன்று முறை சொல்லிப் பார்த்தார். மூன்று முறையும் ராஜா கொட்டாவி விட்டார். ஒரு பாவமும் அறியாத சுடலையாண்டி பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவான்?

அப்போதுதான் தட்டில் முதல் மாம்பழம் வந்தது. அந்த அரண்மனையில் பருவத்தின் முதல் பழத்தை ராஜா வாசலை நோக்கி எறிவார். பிடிப்பவருக்கு ஒரு வருஷம் ராஜா பக்கத்தில் ஆசனம். வாசலில் வாயிற்காப்போன், அவனுக்கு முன்னால் ஓர் ஈட்டிக்காரன். பழம் ராஜா கையைவிட்டுப் போகும்வரை யாரும் ஈட்டிக்காரனைத் தாண்டக்கூடாது.

மந்திரிக்குப் பொறி தட்டியது. ராஜாவின் காதருகே குனிந்தார். “எறியும்போது மதங்கன் காலை மட்டும் பாருங்கள்.”

ராஜா எறிந்தார். மதங்கன் அதற்குள் ஈட்டிக்காரனை மூன்றடி தாண்டியிருந்தார். மற்றவர்கள் விழுந்தடித்து ஓடி அவரை நெருங்கும்போது பழம் அவர் கையில் விழுந்தது.

“ஏமாற்றுக்காரா, முன்கூட்டியே போய்விட்டாயே” என்றார் ராஜா.

“இல்லை மகாராஜா. பிடிக்கும்போது என்னைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள்.”

“பிடிக்கும்போது யார் இருந்தால் எனக்கென்ன? நான் எறியும்போது நீ எங்கே நின்றாய்? அதைச் சொல்.”

சொல்லி முடித்ததும் ராஜாவின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது.

பொன்னரங்கர் கைகூப்பினார். “சுடலையாண்டி சொன்னதும் இதுவேதான் மகாராஜா. பந்தை உதைக்கும் கணத்தில் தங்களுக்கும் கோலுக்கும் நடுவே எதிராளி இரண்டு பேராவது வேண்டும். நேற்று கோல்காவலன் ஒருவன்தான் இருந்தான். மற்றவர்கள் பிறகு ஓடிவந்தவர்கள்.”

“அப்படியானால் நான் போட்டது?”

“கோலில் இரண்டு வகை உண்டு மகாராஜா. முறைப்படி நின்று போட்டால் செங்கோல்.” அதற்குமேல் மந்திரி வாய் திறக்கவில்லை.

இன்னொரு வகையின் பெயர் சபையில் எல்லோருக்கும் தெரியும். ராஜா தன் கையிலிருந்த கோலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொடுங்கோல்” என்று அவரே சொன்னார். “அது என் ஆட்சியில் வேண்டாம். ஆட்டம் சமன் என்று முரசு அறையுங்கள்.”

பிறகு மதங்கனிடமிருந்து பழத்தை வாங்கிச் சுடலையாண்டி கையில் கொடுத்தார். “இந்த வருஷம் நீ என் பக்கத்தில் உட்கார். கொடியையும் எடுத்து வா, நான் தப்பான இடத்தில் நின்றால் தூக்கு.”